பழைய ஹொண்டா ரான்சர் 350: மூன்றாம் கியருக்குப் போகாமல் திரையில் கோடு மின்னுகிறது, உதவி தேவை

வடக்குவாசி எழுதியது:

வணக்கம். கனடாவில், ஒன்ராறியோவின் மஸ்கோகா பக்கம் இருக்கிறோம். என்னிடம் 2004 ஹொண்டா ரான்சர் 350 குவாட் பைக் ஒன்று இருக்கிறது. நாலு சில்லும் இழுக்கிற, பட்டனால் கியர் மாற்றுகிற ஈஎஸ் வகை. பாவிச்சதாகத்தான் வாங்கினேன். முன்னுக்குப் பனி தள்ளும் தகடும் அதைத் தூக்குகிற விஞ்சும் முந்தின சொந்தக்காரர் பூட்டியவை.

நியூட்ரலில் விளக்கு எரிகிறது. மேல் பட்டனை அழுத்த 1 வரும், 2 வரும். 3-க்கு அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு திரையில் இரண்டு கோடுகள் மின்னத் தொடங்கும். அதற்குப் பிறகு மேலும் போகாது, கீழும் வராது. திறப்பை ஓஃப் செய்து திரும்பப் போட்டால் சிலவேளை சரியாகும், சிலவேளை ஆகாது. ஹெட்லைட் எரியும்போதும் விஞ்ச் வேலை செய்த பிறகும் தொல்லை கூட. காலையில் ஸ்ரார்ட்டரும் 'கிளிக்' என்று மட்டும் சொல்லும், கயிறு இழுத்துத்தான் எழுப்புகிறேன். பற்றறி புதிது.

கராஜ் ஒன்றில் காட்டினேன். எஞ்சினைப் பிரித்து உள்ளே கியரைத் தள்ளி மாற்றுகிற கியர் ஃபோர்க் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொன்ன கூலிக்கு இதைப்போல இன்னொரு பழையதை வாங்கிவிடலாம். பிரிக்க முதல் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

---

சாவிக்கொத்து:

தம்பி, எஞ்சினைப் பிரிக்க இப்போதைக்கு ஒருவரையும் விடாதீர்கள். ஈஎஸ் வண்டியிலும் உள்ளே இருப்பது சாதாரண 5 கியரும் ஒரு ரிவர்சும்தான். காலால் மிதிக்கிறதுக்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டார் அந்தத் தண்டைத் திருப்புகிறது, அவ்வளவுதான். மோட்டார் செத்தாலும் வீடு போய்ச் சேரட்டும் என்று கையால் மாற்ற ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். எஞ்சினின் இடது பக்கம், காலால் மாற்றுகிற வண்டியில் பெடல் இருக்கும் இடத்தில், தண்டின் நுனி வெளியே தெரியும். அதில் மாட்டுகிற சாவி ஒன்று ஆயுதப் பையோடு வரும். பாவிச்ச வண்டியென்றால் அது தொலைந்திருக்கும். அளவு பார்த்து ஒன்று வாங்குங்கள்.

சமதரையில், எஞ்சின் ஓஃப். சாவியைப் போட்டு மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் என்று எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள். வண்டி நிற்கும்போது பல் பொருந்தாமல் முட்டும், அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். ஒரு கையால் வண்டியை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே திருப்புங்கள், விழும். கையால் ஐந்தும் விழுந்தால் கியர்ப்பெட்டியில் பெரும்பாலும் பழுதில்லை. கரண்டில்தான் தேட வேண்டும்.

---

மணல்மேடு:

ஆங்கிள் சென்சார் போயிருக்கும், கியர்த் தண்டு எவ்வளவு திரும்புதுன்னு பார்க்கிறது. கோடு மின்னினால் அதுதான். புதுசு வாங்கி மாட்டுங்க, முடிஞ்சது.

---

ஷார்ஜா ராஜா:

சென்சாரும் இருக்கலாம். ஆனா அதுக்குக் காசு போடுறதுக்கு முன்னாடி அவர் எழுதினதைத் திரும்பப் படிங்க. செல்ஃப் கிளிக் ஆகுது, லைட் போட்டா மோசமாகுது, விஞ்ச் ஓட்டினா மோசமாகுது. சென்சாருக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்? இங்க தோட்டத்துலயும் வாடகைக் கடைலயும் குவாட் பைக் பார்க்கிறதுதான் என் வேலை. இந்த மாதிரி வந்தா முதல்ல மீட்டரைத்தான் எடுப்பேன்.

ஷிஃப்ட் மோட்டார் ஒரு நொடிதான் ஓடும், ஆனா அந்த ஒரு நொடியில கரண்டை நிறைய இழுக்கும். வோல்ட் கம்மின்னா தண்டு பாதியில நிக்கும். கன்ட்ரோல் யூனிட் சென்சாரைப் பார்த்து, 'நான் சொன்ன இடத்துக்கு வரலையே'ன்னு கையை விரிச்சிடும். அதுதான் அந்தக் கோடு.

இதை எல்லாம் அளந்து எழுதுங்க: வண்டி ராத்திரி முழுக்க நின்ன பிறகு பேட்டரி வோல்ட் (நல்ல பேட்டரி 12.6-ஐ ஒட்டி இருக்கணும்). செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குது (10-க்குக் கீழ போனா சந்தேகம்தான்). எஞ்சின் ஓடும்போது, ஆக்சிலரேட்டர் கொஞ்சம் கொடுத்து, லைட் போட்டு ஒரு தடவை, போடாம ஒரு தடவை. 13.5-லேர்ந்து 14.5-க்குள்ள வரணும். கடைசியா, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவுல மீட்டர் வைங்க. அரை வோல்ட் காட்டினாக்கூட எர்த் வயர் மோசம்.

---

வடக்குவாசி:

இருவருக்கும் நன்றி. கையால் மாற்றிப் பார்த்தேன், ஐந்து கியரும் விழுகின்றன. 2-இலிருந்து 3 மட்டும் கொஞ்சம் இறுக்கம்.

மீற்றர்: காலையில் 12.2. ஸ்ரார்ட்டர் அழுத்த 9.4. எஞ்சின் ஓடும்போது 12.5, லைட் போட்டால் 12.1. எர்த் 0.1 தான், அது பரவாயில்லைப் போல.

---

ஷார்ஜா ராஜா:

சார்ஜே ஏறலை. புதுப் பேட்டரியை ஓட்டி ஓட்டியே காலி பண்ணிட்டு இருக்கீங்க.

ரெகுலேட்டர்ல (பேட்டரிக்குப் போற சார்ஜைக் கட்டுப்படுத்துற பெட்டி) மூணு மஞ்சள் வயர் போற சாக்கெட்டைக் கழட்டுங்க. அது ஸ்டேட்டர்லேர்ந்து, அதாவது எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குற சுருள்லேர்ந்து வர்றது. எஞ்சினை ஓட விட்டு, ஸ்டேட்டர் பக்கம் ஏசி வோல்ட் அளங்க, மஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் நடுவுல, மூணு ஜோடியும். மூணும் ஒரே அளவு வரணும், ஆக்சிலரேட்டர் கொடுத்தா சேர்ந்து ஏறணும். எஞ்சினை நிறுத்திட்டு ஓம்ஸ்ல: மஞ்சளுக்கு மஞ்சள் ஒரு ஓமுக்கும் கம்மியா, மஞ்சளுக்கும் பாடிக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. இது எல்லாம் சரியா இருந்தா ஸ்டேட்டர் ஓகே, அதுக்கு அந்தப் பக்கம், சாக்கெட்டையும் ரெகுலேட்டரையும் பாருங்க. சாக்கெட்டை மூக்குக்கிட்ட வச்சும் பாருங்க. கருகின வாடை மீட்டருக்கு முன்னாடியே சொல்லிடும்.

---

வடக்குவாசி:

மூன்று ஜோடியும் ஒரே அளவு. ஆனால் சாக்கெட்டில் ஒரு மஞ்சள் வயர் போகிற துளை சுற்றிவரப் பழுப்பாகி, பிளாஸ்ரிக் உருகி வழிந்திருக்கிறது. உள்ளே தகடு கறுப்பு, இழுத்ததும் வயர் கையோடு வந்துவிட்டது. போதாததற்கு விஞ்சின் சிவப்பு வயரை முந்தின ஆள் பற்றறியில் கொடுக்காமல், ஹெட்லைட் வயரில் சீவி ஒட்டியிருக்கிறார்! அதற்குப் பக்கத்தில் காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் எலிக்கூடு வேறு. ஒரு வயரின் தோல் கடிபட்டிருக்கிறது, செம்பு அறவில்லை.

சாக்கெட்டை வெட்டி எறிந்துவிட்டு மூன்று வயருக்கும் புது முனை போட்டு, ஈயம் ஒட்டி, வெப்பத்தில் சுருங்குகிற குழாய் போட்டேன். விஞ்சுக்குப் பற்றறியிலிருந்து பியூஸோடு தனி வயர். இப்போது ஓடும்போது 14.1, லைட் போட்டாலும் 13.8. ஸ்ரார்ட்டர் ஒரே தட்டில் பிடிக்கிறது.

கியர் முன்னையைவிட எவ்வளவோ மேல். ஆனால் 3-க்குப் போகும்போது இடைக்கிடை இன்னும் கோடு வருகிறது.

---

மணல்மேடு:

சென்சார்னு அப்பவே சொன்னேன்.

---

சாவிக்கொத்து:

பொறுங்கள். கையால் போடும்போதே 2-இலிருந்து 3 இறுக்கம் என்று எழுதியிருந்தாரே. கைக்கு இறுக்கமென்றால் மோட்டாருக்கும் இறுக்கம்தான். இந்த வண்டியில் கிளச் நெம்பு கிடையாது, கியர்த் தண்டு திரும்பும்போதே கிளச்சையும் விடுவிக்கிறது. அதன் சரிபார்ப்பு தப்பினால் கிளச் முழுதாக விடாது, கியர் முரண்டு பிடிக்கும்.

எஞ்சினின் முன் மூடியில் ஒரு திருகும் அதைப் பூட்டுகிற நட்டும் இருக்கும். நட்டைத் தளர்த்துங்கள். திருகை இடப்புறமாக, கடிகாரத்துக்கு எதிராக, மெதுவாகத் திருப்புங்கள். கையில் ஒரு தடை தெரியும் இடத்தில் நிறுத்துங்கள், பலம் போட வேண்டாம். அங்கிருந்து வலப்புறம் கால் சுற்று. திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். பலர் நட்டை இறுக்கும்போதே திருகையும் சேர்த்துச் சுற்றிவிடுவார்கள், பிறகு செய்த வேலையே வீண்.

அப்புறம் ஒயில். காருக்கு ஊற்றுகிற, எரிபொருள் மிச்சம் பிடிக்கும் என்று போட்ட ஒயில் வேண்டாம், கிளச் வழுக்கும். ஜாசோ எம்ஏ (ஒயிலில் நனைந்த கிளச்சுக்கு ஏற்றது என்ற குறி) என்று எழுதியிருக்கிற மோட்டார்சைக்கிள் ஒயில் பாருங்கள். மஸ்கோகாக் குளிருக்கு 10டபிள்யூ-40 காலையில் தடித்துக் கிடக்கும், 5டபிள்யூ-30 நல்லது.

இவ்வளவும் செய்து கோடு வந்தால் சென்சாரைப் பார்ப்போம். அதையும் மாற்ற முதல், மூன்று வயர் போகிற அதன் பிளக்கைக் கழற்றித் துப்புரவாக்குங்கள்.

---

வடக்குவாசி:

திருகு சரிபார்த்தேன். தடை வருகிற இடம் முன்பு இருந்த நிலையிலிருந்து முக்கால் சுற்றுக்கு மேல் தள்ளி இருந்தது. ஒயிலும் மாற்றினேன். சென்சார் பிளக்கில் பச்சைப் பூஞ்சணம் மாதிரி உப்பு, அதையும் ஸ்பிரே அடித்துத் துடைத்தேன். மூன்றையும் ஒரே நாளில் செய்ததால் எது தீர்த்தது என்று சொல்லத் தெரியவில்லை. இந்தக் கிழமை முழுக்கப் பனி தள்ளினேன், 1 முதல் 5 வரை போய்த் திரும்பி வருகிறது, கோடு இல்லை. 'டக்' சத்தமும் போய்விட்டது.

கடைசியாக ஒன்று. எலிக்கு என்ன செய்கிறீர்கள்?

---

சாவிக்கொத்து:

காற்றுப் பெட்டிக்குள் மூச்சு இழுக்கிற வாயில் சின்னக் கண் கம்பிவலை வெட்டி வையுங்கள், காற்றுப் போக இடம் விட்டு. கொட்டகையில் கோழித்தீனோ குருவித்தீனோ வைத்திருந்தால் மூடி இறுகிற தகரத்துக்குள் மாற்றுங்கள். பெப்பர்மின்ற் எண்ணெய் என்பார்கள், எங்கள் எலிகள் அதன்மேலேயே கூடு கட்டின.