பைத்தானில் தமிழ் மாறிப் பெயர்கள்: பெரிய எழுத்தே இல்லாதபோது எதை வைத்துச் சீராக்குவது?

அடிக்கோடு:
மளிகைக் கடை பில் போடும் சின்ன நிரல். மாறி, ஃபங்ஷன் பெயர்கள் எல்லாம் தமிழ் எழுத்தில். நிரல் வளர வளரப் பெயர்கள் கண்டபடி போகின்றன. மாதிரிக்கு ஒரு துண்டு:

```
விலைப்பட்டியல்["சர்க்கரை"] = 45
வரி_விகிதம் = 0.05
சௌசௌ_எடை = 1.5
சௌசௌவிலை = 30
மொத்தம் = செளசெள_எடை * சௌசௌவிலை
வரி = மொத்தம் * வரி_விகிதம்
```

இரண்டு சந்தேகம். பெப் 8 (பைத்தானின் நடை வழிகாட்டி) படி கிளாஸ் பெயருக்கு ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், மாறிலிக்கு (மதிப்பு மாறாத பெயர்) முழுக்கப் பெரிய எழுத்து. தமிழில் அந்த வேறுபாடே கிடையாது. நீங்கள் எப்படிப் பிரித்துக் காட்டுகிறீர்கள்? அடுத்தது, ஐந்தாவது வரியில் நேம்எரர் (அந்தப் பெயரே தெரியாது என்ற பிழை) வருகிறது. மூன்றாவது வரியில் இருக்கும் அதே பெயர்தானே?

கொம்புக்கால்:
அதே பெயர் இல்லை. மூன்றாவது வரியில் இருப்பது ச-வோடு ஔகாரக் குறி. ஐந்தாவது வரியில் செ போட்டு, பக்கத்தில் ள என்ற தனி எழுத்து. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். யூனிகோட் குறிகளை எண்ணும் லென்() போட்டுப் பாருங்கள்: "சௌசௌ" 4, "செளசெள" 6.

பைத்தான் பெயர்களைப் படிக்கும்போதே என்எஃப்கேசி என்ற யூனிகோட் முறைப்படி சீராக்கிவிடும். அதனால் கொ என்பதை ஒரே ஒகரக் குறியாக அடித்தாலும், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக வந்தாலும் ஒரே மாறிதான். ஆனால் ள என்பது முழு எழுத்து. அதை ஔகாரமாக எந்தச் சீராக்கலும் மாற்றாது. இதைப் பிடிக்க எடிட்டரின் ரெகெக்ஸ் (எழுத்து வடிவம் கொடுத்துத் தேடுவது) தேடலில் இதைப் போடுங்கள்:

```
([க-ஹ]ெ|ஒ)ள(?![ா-்])
```

வெளி, தெளிவு, ஒளி எல்லாம் தப்பித்துவிடும்; பின்னால் குறியோ புள்ளியோ இல்லாத ள மட்டும் மாட்டும்.

சீராக்கல் பெயர்களுக்குத்தான், மேற்கோளுக்குள் இருக்கும் சரத்துக்கு இல்லை. விலைப்பட்டியலின் சாவி "கொத்தமல்லி" என்றிருந்து, சிஎஸ்வி கோப்பில் அதே சொல் கொம்பும் காலும் பிரிந்து வந்தால் கீஎரர், அதாவது அந்தச் சாவியே இல்லை என்ற பிழை. பெயரைச் சரமாக வாங்கும் கெட்ஆட்டர்()-க்குக் கொடுக்கும் சரத்துக்கும் இதே கதி. கோப்பிலிருந்து வருவதை யூனிகோட்டேட்டா.நார்மலைஸ் வழியாக என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் முறை) ஆக்கிய பிறகே சாவியாக்குங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போனால் இன்னும் மோசம்: அது பெயர்களையே சீராக்காது, இரண்டும் இரண்டு மாறி.

தமிழ் எண்களைப் பெயரில் சேர்க்கவே வேண்டாம். ௧ என்பதும் க என்பதும், ௭ என்பதும் எ என்பதும் பல எழுத்துருக்களில் பிரித்தறிய முடியாது. பெயரின் நடுவில் ௧ வந்தால் பைத்தான் ஒப்புக்கொள்ளும், அதனால் பிழை சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்துகொள்ளும்.

ஒற்றுமிகும்:
பெயர் முறைக்கு வருகிறேன். பெரிய எழுத்துக்கு மாற்று தேடி அலைய வேண்டாம். தமிழ் இலக்கணமே அந்த வேலையைச் செய்துவிடும்.

மாறி என்றால் வேற்றுமை உருபு ஏறாத பெயர்ச்சொல்: எடை, மொத்தம். பட்டியல் என்றால் பன்மை, அதன் ஒரு உறுப்பு ஒருமை: பொருள்கள், பொருள். ஃபங்ஷன் என்றால் ஏவல் வினை, அதுவும் கடைசியில்: பில்_அச்சிடு, எடை_கேள். அச்சிடு_பில் என்று ஆங்கில வரிசையில் வைத்தால் படிக்கும்போது தடுக்கும். ஆம்/இல்லை மாறிக்கு ஆ விகுதி போதும்: கடன்_உண்டா, பணம்_வந்ததா. எனக்குத் தெரிந்து ஆங்கிலப் பெயர்களைவிடத் தமிழ் தெளிவாக இருக்கும் இடம் இது.

கிளாஸுக்கு முடிவில் வகை: பில்_வகை. அப்போது பில் என்ற பெயர் அந்த வகையில் உருவாக்கும் ஒரு பில்லுக்கு மிஞ்சும். மாறிலிகளைத் தனிக் கோப்பில் போட்டு, மாறிலி.வரி_விகிதம் என்று அழையுங்கள். டைப்பிங் தொகுதியின் ஃபைனல் குறிப்பையும் சேர்த்தால், யாராவது மதிப்பை மாற்றினால் மைபை (வகைகளைச் சரிபார்க்கும் கருவி) கண்டிக்கும்.

அடிக்கோடு வரும் இடத்தில் ஒற்று போடாதீர்கள். விலை_பட்டியல் போதும், விலைப்_பட்டியல் வேண்டாம். ஒருவர் ஒற்றோடும் இன்னொருவர் ஒற்றில்லாமலும் அடித்தால் அடுத்த நேம்எரர் அங்கேதான். ஃபங்ஷன் பெயரில் ஐ உருபையும் விட்டுவிடுங்கள்: கோப்பு_திற. கோப்பை_திற என்றால் டீ குடிக்கும் கோப்பையா என்று கேட்பார்கள்.

கொம்புக்கால்:
ஒற்று விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. விலை_பட்டியல் கண்ணை உறுத்துகிறது. அகராதியில் ஒரே சொல்லாக இருப்பதைச் சேர்த்தே எழுதலாம்: விலைப்பட்டியல். அடிக்கோடு இரண்டு தனிக் கருத்துக்கு நடுவில் மட்டும்: சௌசௌ_விலை.

ஒற்றுமிகும்:
அப்படியென்றால் எது ஒரே சொல் என்று ஒவ்வொரு முறையும் தீர்மானிக்க வேண்டும். தனியாக எழுதுகிறவருக்குச் சரி, மூன்று பேர் சேர்ந்து எழுதினால் தாங்காது. நிரலின் தலையில் பத்து வரிச் சொற்பட்டியல் வைத்தால் ஒப்புக்கொள்கிறேன்.

வரிஎண்7:
கருவிகள் பற்றி. நிரலைச் சரிபார்க்கும் பைலின்ட், சி2401 என்று ஆஸ்கி அல்லாத பெயர் ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கும். அமைப்புக் கோப்பில் அதை அணைத்துவிட்டு, பெயர் விதிக்கு [ஃ-ௗ_0-9]+ கொடுங்கள். ஆய்த எழுத்து யூனிகோடில் அ-வுக்கு முன்னால் இருப்பதால் அங்கிருந்தே தொடங்க வேண்டும். தமிழ் எண்கள் இந்த எல்லைக்கு வெளியே விழும், நல்லதுதான்.

இதை கோ மொழிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே பெயரில் புள்ளியோ உயிர்க்குறியோ வரக்கூடாது, "மொத்தம்" என்பதே செல்லாது. பெரிய எழுத்தில் தொடங்காத பெயரைத் தொகுப்புக்கு வெளியே காட்டவும் முடியாது.

பெயர்களை மொத்தமாக மாற்றப் பைத்தானோடு வரும் ரெகெக்ஸ் தேடல் தொகுதியான ரீ-யை நம்பாதீர்கள். உயிர்க்குறியையும் புள்ளியையும் அது சொல்லின் பகுதியாகவே எண்ணாது. வரி என்பதற்கு இரு பக்கமும் சொல்லெல்லைக் குறி போட்டுத் தேடினால், உங்கள் கடைசி வரியின் தொடக்கத்தில் தனியாக நிற்கும் வரி சிக்காது. அதே வரியின் முடிவில் உள்ள வரி_விகிதம் சிக்கும். இகரக் குறிக்கும் அடுத்த இடைவெளிக்கும் நடுவில் அதற்கு எல்லையே தெரியாது, இகரக் குறிக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவில் தெரியும். பிப் மூலம் ரெகெக்ஸ் என்ற தொகுதியை நிறுவி அதே தேடலைப் போடுங்கள், அது குறிகளையும் சொல்லோடு சேர்த்தே பார்க்கும். ஒரு சரம் பெயராகச் செல்லுமா என்று சோதிக்க இஸ்ஐடென்டிஃபையர்() மட்டும். இஸ்ஆல்ஃபா() "தமிழ்" என்பதற்கே இல்லை என்று சொல்லும்.