புதுப்பிப்பு: ஓய்வு நாளில் நீதிமன்றம் போன ஓவர்டைம் பணம் வந்துவிட்டது

நான் போலீசில் வேலை பார்க்கிறேன். வார ஓய்வு நாளில் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டார்கள். 40 நிமிடத்தில் வேலை முடிந்தது. சம்பளப் பிரிவு அந்த 40 நிமிடத்துக்கு மட்டும் பணம் போட்டது. என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "அதிகாரியிடம் வாதாடாதே, முதலில் வேலை ஒப்பந்தத்தைப் படி" என்ற யோசனைதான். ஓய்வு நாளில் அழைத்தால் குறைந்தது 4 மணி நேரச் சம்பளம் என்று அதில் தெளிவாக இருந்தது. சங்கப் பிரதிநிதி அன்றே எழுத்துமூலம் முறையீடு போட்டார். கெடு முடிய 3 நாள்தான் பாக்கி! வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டே இருந்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

முதல் கட்டத்தில் நிராகரித்தார்கள். அடுத்த கட்டத்தில், முன்பு இதே சூழலில் மற்றவர்களுக்குக் கொடுத்த பணப் பதிவுகளைச் சங்கம் எடுத்து வைத்தது. நடுவரிடம் போகாமலே முடிந்தது.

எதிர்பாராதது ஒன்று: என்னைப் போலவே குறைவாக வாங்கியிருந்த 6 பேருக்கும் சேர்த்துத் தீர்வு வந்தது. அவர்களில் இருவருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

அப்புறம், போலீசுக்குச் சங்கம் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1948-ஆம் ஆண்டு 87-ஆம் உடன்படிக்கை அதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டிருக்கிறது.