சதுரங்க ஆரூடம் பொய்த்தது. லிஸ்ப் நிலைத்தது: பெருமை யாருக்கு?

மருதன்:
தொடக்ககாலச் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கு நிரல் வரலாற்றில் நாம் தரும் இடம் மிக அதிகம். 1957இல் அத்துறையின் முன்னோடி ஹெர்பர்ட் சைமன், பத்தே ஆண்டுகளில் கணினி உலகச் சதுரங்க வாகையராகும் என்றார். ஐபிஎம்மின் டீப் புளூ கணினி உலக வாகையர் காஸ்பரோவை ஆட்டத்தொடரில் வென்றது 1997இல். இந்த ஆய்வை மதிப்பிட்டு 1973இல் பிரிட்டனில் வந்த லைட்ஹில் அறிக்கை, சொன்னதும் செய்ததும் எவ்வளவு தூரம் என்று காட்டியது. அங்கே நிதி வெட்டு விழுந்தது. ஆனால் ஜான் பேக்கஸ் குழு 1957இல் கொடுத்த ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி அன்றே பொறியாளர்களுக்குக் கைகொடுத்தது. வாய்ப்பந்தல் போட்டவர்களுக்கு எதற்கு மாலை?

பூங்குழலி:
ஆரூடம் பொய்த்ததை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பேசியதை விட்டு, எழுதிய நிரலைப் பாருங்கள் மருதன். நியூவெல், ஷா, சைமன் மூவரின் ‘லாஜிக் தியரிஸ்ட்’ என்ற நிரல் கணிதத் தேற்றங்களை நிறுவ முயன்றபோது, அடுத்து எத்தனை துணைக் கணக்குகள் முளைக்கும், எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. அக்காலத்தில் நினைவகத்தை முதலிலேயே அளந்து ஒதுக்கிவிடுவதுதான் வழக்கம். அது இங்கே உதவவில்லை. ஆகவே ஒவ்வொரு நினைவறையிலும் தரவோடு அடுத்த அறையின் முகவரியையும் வைத்தார்கள். அறைகள் எங்கே சிதறிக் கிடந்தாலும் கோத்துவிடலாம். நடுவில் ஒன்றைச் செருக முகவரியை மாற்றினால் போதும். இன்று கல்லூரியில் முதல் ஆண்டிலேயே படிக்கும் லிங்க்டு லிஸ்ட் அங்கே பிறந்ததுதான்.

மருதன்:
அது நல்ல நிரலரின் கைத்திறன். அதில் நுண்ணறிவு எங்கே வந்தது? அந்த நிரல் ‘பிரின்சிப்பியா மேத்தமேட்டிக்கா’ என்ற தருக்க நூலிலிருந்து எடுத்த 52 தேற்றங்களில் 38ஐ நிறுவியது. தருக்கவியலாளர் ஹாவ் வாங் 1958இல் ஐபிஎம் 704 கணினியில், மனிதர் சிந்திக்கும் முறையைப் போலச் செய்யாமல் நேரடித் தருக்க முறையாலேயே, அந்நூலின் 200க்கும் மேற்பட்ட தேற்றங்களைச் சில நிமிடங்களில் முடித்தார்.

பூங்குழலி:
வாங் செய்தது பெரிய காரியம், ஐயமில்லை. ஆனால் முடிவு காணத் திட்டவட்டமான வழிமுறை உள்ள தருக்கப் பகுதி அது. அப்படி வழி இல்லாத இடத்தில் என்ன செய்வது? அங்கேதான் லிஸ்ப் என்ற நிரல்மொழி வருகிறது. சூத்திரங்களை வகையிடும் (டிஃபரென்ஷியேட் செய்யும்) நிரலை, கணிதப் புத்தகத்தில் இருக்கும் வடிவிலேயே எழுத, லிஸ்ப்பை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி விரும்பினார். வகையிடும்போது இடைக்கோவைகள் ஏராளமாக உருவாகும். வேலை முடிந்ததும் அவற்றை அழிக்கும் கட்டளைகளை நடுநடுவே எழுதினால் சூத்திரத்தின் வடிவமே சிதைந்துவிடும். அதனால் அழிக்கும் பொறுப்பை நிரலரிடமிருந்தே எடுத்துவிட்டார். காலி அறைகள் தீர்ந்தால், பயன்பாட்டில் உள்ளவற்றை இயந்திரமே தொடர்ந்து சென்று குறித்துக்கொண்டு, மீதியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் இன்று நம்பியிருக்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் இதுதான். அணிகளின் (அரே) அளவை நிரல் எழுதும்போதே சொல்லிவிடும் அன்றைய ஃபோர்ட்ரானுக்கு இப்படி ஒரு தேவையே எழவில்லை. யாராவது எப்படியும் கண்டுபிடித்திருப்பார்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

வேலன்:
ஒரு தகவல். லிஸ்ப் கோவைகளை மதிப்பிடும் ‘ஈவல்’ சார்பை மெக்கார்த்தி கட்டுரைக்காகத்தான் எழுதினார். அதை இயந்திர மொழிக்கு மாற்றிவிடலாம் என்று நிரலர் ஸ்டீவ் ரஸல் சொன்னபோது, கோட்பாட்டையும் நடைமுறையையும் குழப்பிக்கொள்கிறீர்கள் என்றாராம் மெக்கார்த்தி. ரஸல் செய்தே காட்டினார். லிஸ்ப் ஓடியது இப்படித்தான். அதாவது ஒரு நிரலரின் கைத்திறனால். ஆகவே மருதன் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பூங்குழலி:
ரஸல் வேலை பார்த்தது எம்ஐடியில் மெக்கார்த்தியின் குழுவில்தானே வேலன்? சூத்திரங்களை நிரலாக எப்படி எழுதுவது என்ற கேள்வியை எழுப்பிய இடத்தில் இருந்ததால்தான் அந்தக் கைத்திறனுக்கு வேலை கிடைத்தது.

மருதன்:
கார்பேஜ் கலெக்‌ஷன் அந்த ஆய்வின் தேவையால் பிறந்தது என்பதை ஏற்கிறேன். சைமனின் ஆரூடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதிலிருந்து நகரமாட்டேன். சதுரங்க வாகை பற்றி ஒரு சொல்லும் பேசாமல், பட்டியல்களைக் கையாள ஒரு மொழி வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தாலும் இதே லிஸ்ப் வந்திருக்கும். லைட்ஹில் அறிக்கையைப் பற்றி நீங்கள் இன்னும் வாய் திறக்கவில்லை பூங்குழலி. அதற்குப் பதில் சொல்லுங்கள்.