மெய்க்ஸ் ஃபீல்டு: ராத்திரியோடு ராத்திரியா ஓடுபாதையை வெட்டினதை ஏன் யாரும் தடுக்கல?

சிமுலேட்டர்பித்தன்:
பழைய மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரைத் திறந்ததுமே விமானம் நிற்கிற இடம் சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டு விமான நிலையம், 36-ஆம் ஓடுபாதை. 2003 மார்ச் 30 நள்ளிரவில் மேயர் ரிச்சர்ட் டேலி புல்டோசர் அனுப்பி அதில் எக்ஸ் எக்ஸாகத் தோண்ட வைத்தார். மூடின ஓடுபாதைக்கு எக்ஸ் போடுவது முறைதானே? உள்ளே மாட்டின விமானங்கள் எப்படி வெளியே போச்சு? அமெரிக்க விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துற எஃப்ஏஏ என்ன பண்ணிட்டு இருந்தது?

காற்றுப்பை:
முறையான எக்ஸ் வெறும் மஞ்சள் பெயின்ட்டுதான். நிரந்தரமா மூடினா விளக்கு இணைப்பைத் துண்டிக்கணும், ஓடுபாதை எண்ணையும் முனைக்கோடுகளையும் அழிக்கணும், ரெண்டு முனையிலும் நடுவில் 1,000 அடிக்கு ஒண்ணாவும் மஞ்சள் எக்ஸ் போடணும். முன்கூட்டியே நோட்டாம், அதாவது பைலட்டுகளுக்கான அறிவிப்பு, வந்திருக்கணும். மெய்க்ஸில் வெட்டினது பள்ளம். பெயின்ட்டைச் சுரண்டிட்டு மறுபடி திறந்துடலாம், பள்ளத்தை அப்படி முடியாது. நோக்கமே அதுதான்.

மாட்டினது 16 விமானம். பக்கத்தில் இருந்த டாக்ஸிவே, அதாவது விமானம் ஓடுபாதைக்கு உருண்டு போற பாதை, சுமார் 3,000 அடி. அதிலிருந்தே கிளம்ப அனுமதி கொடுத்தாங்க. செஸ்னா 172எஸ் மாதிரி சின்ன விமானத்துக்குக் கடல்மட்டக் கணக்கில் தரையோட்டம் 960 அடி, 50 அடி உயரத் தடையைத் தாண்ட 1,630 அடி. மெய்க்ஸ் 600 அடிக்குக் கொஞ்சம் கீழேதான், அதனால் நீளம் தாராளம். அந்த மாதிரி டாக்ஸிவேயில் இறங்குவதுதான் வம்பு: பாதை குறுகலா இருந்தா நாம அதிக உயரத்தில் இருக்கிற மாதிரி கண்ணுக்குப் படும், பைலட் தாழப் பறந்துடுவார்.

நிலப்பத்திரம்:
சட்டத்துக்கு வருவோம். மூடுவதற்கு 30 நாள் முன்னாடி எஃப்ஏஏவுக்கு அறிவிப்பு கொடுக்கணும். கொடுக்கலைன்னா அப்போ அபராதம் நாளைக்கு 1,100 டாலர். 30 நாளுக்கு 33,000. ஒரு பெருநகராட்சிக்கு இது டீச்செலவு. 2006-ல் சமரசம் ஆனப்போ அந்த 33,000-ஐயும், இடிக்க எடுத்த விமான நிலையப் பணத்துக்காக 10 லட்சம் டாலரையும் நகரம் கட்டியது. 2003 கடைசியில் வந்த சட்டம் அபராதத்தை நாளைக்கு 10,000 டாலர் வரை ஏத்தியது. அதுக்குப் பேரே 'மெய்க்ஸ் மரபு' விதி.

ஆனா உண்மையான பூட்டு அபராதம் இல்ல, மானிய ஒப்பந்தம். கூட்டாட்சி மானியம் வாங்கினா பொதுவா 20 வருஷம் திறந்து வைக்கக் கடமை உண்டு. அந்தப் பணத்தில் நிலமே வாங்கியிருந்தா கடமைக்குக் காலக்கெடுவே கிடையாது. மெய்க்ஸ் நிலம் சிகாகோ பூங்காக்களை நடத்துற பூங்கா மாவட்டத்துக்குச் சொந்தம், விமான நிலையத்துக்கு நகரம் எடுத்த குத்தகை 1996-லேயே முடிஞ்சது. அந்த வருஷமே ஒருமுறை மூடி, மாநில அரசு குறுக்கே வந்ததால் 1997-ல் திறந்தாங்க. 2026 வரை நடத்தலாம்னு 2001-ல் மேயரும் ஆளுநரும் பேசி முடிச்சதுக்குத் தேவையான கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறல. அதுக்கப்புறம் புல்டோசர். சொன்ன காரணம் பயங்கரவாத அச்சம். யார் நம்பினாங்களோ!

உங்க ஊர் ஏர்ஸ்ட்ரிப்பைக் காப்பாத்த நினைச்சா கையெழுத்து இயக்கத்துக்கு முன்னாடி பாக்க வேண்டியது ரெண்டு: பத்திரம் யார் பேரில், கடைசி மானியம் எந்த வருஷம்.

சிமுலேட்டர்பித்தன்:
தெளிவாச்சு. இப்போ அங்கே என்ன இருக்கு?

காற்றுப்பை:
நார்தர்லி ஐலண்ட் பூங்கா. பேரில்தான் தீவு, நிஜத்தில் கரையோடு ஒட்டின நிலம். 2005-ல் கச்சேரி அரங்கு வந்தது, 2015-ல் தெற்குப் பக்கம் சுமார் 40 ஏக்கரில் புல்வெளியும் குளமும். ஏரி அலை அடிச்சு நடைபாதையை அரிச்சது தனிக்கதை. டெர்மினல் கட்டடம் இன்னும் நிக்குது. பறக்கணும்னா 2022-ல் வந்த சிமுலேட்டர் 40-ஆம் ஆண்டுப் பதிப்பில் மெய்க்ஸைத் திரும்பச் சேர்த்திருக்காங்க.