புதுப்பிப்பு: பேனா சேகரிப்பும் அக்காவின் கேள்வியும்

பழைய ஊற்றுப் பேனாக்களுக்கு நான் செலவழிப்பதைப் பார்த்து, "எழுதத்தானே, சாதாரணப் பேனா போதாதா?" என்று அக்கா கேட்டதையும், நான் பதில் தெரியாமல் நின்றதையும் முன்பு எழுதியிருந்தேன். நேற்று அவளே மறுபடி அந்தப் பேச்சை எடுத்தாள்.

இந்த முறை விலையைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு பேனாவின் நிப்பைக் காட்டினேன். 14 காரட், அதாவது சுமார் 58.5 சதவீதம் தங்கம். அந்தக் கால மையிலிருந்த அமிலம் எஃகை அரித்துவிடும், தங்கத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் தங்கம் மென்மையானது, காகிதத்தில் உரசித் தேயும். அதனால் நுனியில் மட்டும் இரிடியம், ஆஸ்மியம் போன்ற கடினமான உலோகக் கலவையில் கடுகைவிடச் சின்னதாக ஒரு பொட்டு. நடுவே மெல்லிய பிளவு. மை அதன் வழியாகத்தான் நுனிக்கு வருகிறது. இது 1940களில் செய்தது, இன்னும் எழுதுகிறது!

அக்கா லென்ஸை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் தன் பெயரை இரண்டு முறை எழுதினாள். "அழுத்தவே வேண்டாமா?" என்றாள். அழுத்தக் கூடாது என்றேன்.

செலவில் அவளுக்கு இன்னும் சம்மதமில்லை. அது நியாயம்தான், மாதம் ஒரு வரம்பு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்பாவின் பழைய பேனா அவளிடம் இருக்கிறதாம், மை காய்ந்து அடைத்துக் கிடக்கிறது. வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீரில் ஊறவை என்றிருக்கிறேன்.