வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பு: உங்கள் வீட்டுக்கும் விசாரிக்க வந்தார்களா?

வன்னிமகள், ஸ்காபரோ, கனடா
மகன் பள்ளிக்கூடத்தில் "அம்மா அகப்பைக்காம்பால் வெருட்டினவ" என்று சொல்லிவிட்டான். அடிக்கவில்லை, காட்டியதோடு சரி. பிள்ளைகள் பாதுகாப்பிலிருந்து ஒரு பெண் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். குசினியைப் பார்த்தார், அப்புறம் படுக்கையறை. ஒரே கட்டில், இரண்டு தலையணை. "மகன் யாரோடு படுக்கிறான்?" அம்மம்மாவோடு என்றேன். உடனே எழுதத் தொடங்கினார். ஏதோ பிழைத்துவிட்டது என்று விளங்கி, அம்மா ஓடிப்போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து நீட்டினார். வந்தவர் வாங்கவில்லை. அவர் எழுதி முடிக்கும்வரை அம்மா கோப்பையைப் பிடித்தபடியே நின்றார். பிறகு ஒன்றும் நடக்கவில்லை, விசாரணையை முடித்துவிட்டார்கள். ஆனால் அன்றிரவு அம்மா நிலத்தில் பாய் விரித்துத் தனியாகப் படுத்தார். அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

ஒஸ்லோ தம்பி
அக்கா, "காட்டியதோடு சரி" என்பதை என்னால் ஏற்க முடியாது. நோர்வேயில் பிள்ளையை அடிப்பதை 1987-லேயே சட்டத்தால் தடுத்துவிட்டார்கள். எங்கள் அப்பாவும் அடித்ததில்லை. ஆனால் பெல்ட் ஆணியில் தொங்கும். சோதனைத்தாளைக் கையெழுத்துக்கு நீட்டும்போது நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், ஆணியைத்தான் பார்ப்பேன்.

மார்க்கம் அண்ணை
தம்பி, தங்கச்சி சொன்னது கட்டில் கதை. நீர் ஏன் பெல்ட்டுக்குப் போகிறீர்? கனடாச் சட்டமும் வேறு. குற்றவியல் சட்டத்தின் 43-ஆம் பிரிவு பெற்றோருக்குக் கொஞ்சம் இடம் விடுகிறது. 2004-ல் உச்ச நீதிமன்றம் அதை நன்றாக இறுக்கிவிட்டது: இரண்டு வயதுக்குக் கீழும் பதின்வயதிலும் கை வைக்கக் கூடாது, பொருளால் அடிக்கக் கூடாது, தலையில் அடிக்கவே கூடாது. ஆகவே தங்கச்சி, அகப்பையைச் சோற்றுக்கு மட்டும் எடுங்கோ. ரீச்சரில் கோபப்பட வேண்டாம். சந்தேகம் வந்தால் அவர் பிள்ளைகள் பாதுகாப்புக்கு அறிவித்தே ஆகவேண்டும், எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் அது சட்டக் கடமை. பெற்றோர் சந்திப்புக்குத் தவறாமல் போங்கோ. ஆங்கிலம் கஷ்டம் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ, பிள்ளையை நடுவில் இருத்தாதீர்கள். எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள்.

இங்கே பிறந்தவள்
நானும் அம்மம்மாவோடு படுத்து வளர்ந்தவள். அதை வெளியில் சொல்லாதே என்று அம்மா சொல்லியிருந்தார். வகுப்பில் வீட்டைக் கீறச் சொன்னபோது கட்டிலில் அம்மம்மாவைக் கீறிவிட்டேன். ரீச்சர் கிட்ட வர, அவசரமாக அழித்ததில் தாள் கிழிந்துவிட்டது. அம்மம்மாவை ஒளிக்க வேண்டிய ஆளாக எனக்குப் பழக்கியது இன்னும் கோபம். நீங்கள் அந்தப் பெண்ணிடம் உள்ளதைச் சொன்னீர்களே அக்கா, அதுதான் சரி. அம்மாவைத் திரும்பக் கட்டிலுக்குக் கூப்பிடுங்கள்.