வல்லாரை மஞ்சளாகுது, ஓரம் கருகுது – உதவி தேவை

கொடிப்பந்தல்: தொட்டியில வல்லாரை வச்சிருக்கேன். புது இலையெல்லாம் மஞ்சளா வருது, சிலதுல ஓரம் கருகுது. தண்ணி தினமும் ஊத்துறேன், உரமும் போட்டாச்சு. வேற என்ன பண்ணணும்? இது வல்லாரைதானான்னே இப்ப டவுட்டு. சீக்கிரம் சொல்லுங்க.

வேர்முடிச்சு: என்ன தண்ணி? என்ன மண்கலவை? எவ்வளவு நேரம் வெயில்? "உரம்"னா எது?

பசுந்தாள்: முதல்ல செடியை உறுதி பண்ணுங்க. வல்லாரை இலையோட அடியில பிளவு இருக்கும், காம்பு அந்தப் பிளவுலதான் சேரும். வட்ட இலைக்கு நடுவுல குடைக்கம்பி மாதிரி காம்பு சேர்ந்திருந்தா அது அழகுக்கு வளர்க்குற நீர்ச்செடி. வல்லாரைப் பூ சின்னதா, தரையை ஒட்டி இலைக்கடியில ஒளிஞ்சிருக்கும். தெளிவாகுற வரைக்கும் வாயில வைக்காதீங்க.

மதியவெயில்: சந்தேகமே வேண்டாம், வெயில்தான். 50 சதவீத நிழல்வலை கட்டுங்க.

தொட்டிமுனி: கேள்வியைப் படிச்சுட்டுப் பதில் சொல்ற பழக்கம் இங்க யாருக்கும் இல்லை போல. "புது இலை"ன்னு எழுதியிருக்கார். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைஞ்சா அடி இலைதான் முதல்ல வெளுக்கும். துளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச்சத்துக் குறை. லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), சாயங்காலம் தெளிக்கணும். பாலபாடம்.

கொடிப்பந்தல்: காம்பு பிளவுலதான் சேருது. நரம்பு பச்சை. போர் தண்ணி. தென்னை நார்க்கழிவு பாதி, மண்புழு உரம் பாதி. தொட்டி விளிம்புல வெள்ளையா படிஞ்சிருக்கு. கீழ தட்டுல எப்பவும் தண்ணி நிக்கும், ஈரம் கேக்குற செடிதானே.

வேர்முடிச்சு: தட்டை இப்பதான் சொல்றீங்க! ஈரம் வேணும், ஆனா வேருக்குக் காத்தும் வேணும். தண்ணி தேங்கி மூச்சுமுட்டுன வேர், மண்ணுல இரும்பு இருந்தாலும் எடுக்காது. வடிஞ்ச உப்பையும் தட்டுத் தண்ணி திரும்ப மேல ஏத்தும், ஓரம் கருகுறது அதனாலதான். வெள்ளைப் படிவுல வினிகர் சொட்டு விடுங்க. நுரைச்சா சுண்ணாம்பு, அதுவும் இரும்பைக் கட்டிப்போடும். தட்டை எடுத்துட்டு வேரைப் பாருங்க. பழுப்பா, வழவழன்னு நாத்தம் அடிச்சா அழுகல். வெள்ளை வேர் விட்ட கணுவோட ஓடுதண்டை (தரையில படர்ற தண்டு) வெட்டி, 15 செ.மீ. ஆழமுள்ள அகலத் தொட்டியில நடுங்க. மண்புழு உரம் கால் பங்குக்கு மேல வேண்டாம்.

நார்க்குவியல்: நார்க்கழிவை அலசுனாரான்னு யாருமே கேக்கல. அலசாத நார்ல சோடியம், பொட்டாசியம் ரெண்டும் மண்டிக் கிடக்கும்.

தொட்டிமுனி: வெறுந்தண்ணியில அலசுனா நார்ல ஒட்டியிருக்குற சோடியம் போகாது. கால்சியம் நைட்ரேட் கரைசல்ல ஊறப்போடணும். எத்தனை தடவை சொல்றது?

நார்க்குவியல்: அவர் ஊத்துறதே கடினத் தண்ணி. அதுல இருக்குற கால்சியமே கொஞ்சம் கொஞ்சமா சோடியத்தைத் தள்ளிடும். தட்டு வச்சதால வெளிய போக வழியில்லாம நின்னுருக்கு.

தொட்டிமுனி: அந்தக் கணக்கு பண்ணைக்கு. தொட்டிக்கு வராது.

மதியவெயில்: வெயில் எத்தனை மணி நேரம்னு அவர் இன்னும் சொல்லவே இல்லை.

பசுந்தாள்: அன்னபேதி தெளிச்சா அந்த இலைகளைச் சமையலுக்குப் பறிக்காதீங்க. அதுக்கப்புறம் வர்ற துளிரை எடுத்துக்கலாம்.

கொடிப்பந்தல்: வினிகர் நுரைச்சுது. வேர் பாதி பழுப்பு. தேறுன ஓடுதண்டுகளை மாத்தி நட்டுட்டேன், தட்டு இல்லை. நன்றி.

வேர்முடிச்சு: நல்லது. புதுத் தொட்டிக்கும் அதே போர் தண்ணிதானா?